ஜனவரியில் கேட்க வேண்டிய பணம்: கடலூரில் சி.எஸ்.ஆர். நிதி பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரும் வழி

சிப்காட் தொழிற்பேட்டையில் இத்தனை கம்பெனி இருக்கிறதே, சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்பு நிதியாக லாபத்தில் ஆளுக்கு இரண்டு சதவீதம் கொடுத்தாலே கடலூர் மாறிவிடாதா என்று கேட்காதவர்கள் இந்த ஊரில் குறைவு. கேள்வியில் இரண்டு தப்புக் கணக்கு இருக்கிறது. எல்லாக் கம்பெனியும் கொடுத்தாக வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய கம்பெனியும் இங்கேதான் கொடுக்க வேண்டும் என்றில்லை.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்று வரம்புகளில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனிக்குத்தான் இது பொருந்தும். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை அது சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 30 கோடி என்றால் பொறுப்புத் தொகை 60 லட்சம். குடிகாடு, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம் பக்கம் புகைபோக்கி தெரிகிற எல்லா ஆலையும் இந்தக் கணக்குக்குள் வராது. நஷ்டத்தில் ஓடுவதும் உண்டு, லாபம் 5 கோடியைத் தொடாத சின்ன யூனிட்டும் உண்டு.

அடுத்த முடிச்சு இதைவிடப் பெரியது. கணக்கு ஆலைக்கு அல்ல, கம்பெனிக்கு. தலைமையகம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும், வேறு மாநிலங்களில் நாலைந்து ஆலைகள் இருக்கும். மொத்த லாபத்துக்கு ஒரே தொகை, அதைப் பங்கு போடுவது தலைமையகத்தின் இயக்குநர் குழு. ஆலை இருக்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை கொடுக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டும் வரி, கட்டாயம் இல்லை என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகமே விளக்கம் கொடுத்துவிட்டது. அதனால்தான் இங்குள்ள ஆலை மேலாளரைப் பார்த்து மனுக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் அதிகம். அவரிடம் இருப்பது சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கும் அதிகாரம். மேலே அனுப்பிவைக்கும் பேனாவும் அவரிடம்தான் இருக்கிறது என்பதால் அவரைத் தவிர்க்கவும் முடியாது.

நெய்வேலி நிலவரம் வேறு. என்.எல்.சி. இந்தியா மத்திய அரசு நிறுவனம் என்பதால் பொதுத்துறைக்கான வழிகாட்டுதல்களும் சேர்ந்து வரும். ஆண்டுதோறும் ஒரு மையப் பொருள் அறிவித்து, சி.எஸ்.ஆர். செலவில் சுமார் 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்கச் சொல்லும் முறை 2018-ல் வந்தது. 2018-19-க்கான பொருள் பள்ளிக் கல்வியும் மருத்துவமும். பின்தங்கிய மாவட்டங்களுக்கு முன்னுரிமை என்றும் அதே உத்தரவு சொன்னது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும். கடலூர் இல்லை.

மார்ச்சில் வருவது எல்லாம் பொருளாகவே வருவது ஏன்?

2021 ஜனவரி வரை இந்தச் சட்டத்துக்குப் பல் கிடையாது. செலவு செய்யவில்லை என்றால் ஆண்டறிக்கையில் காரணம் எழுதிவிட்டுப் போகலாம். 2021 ஜனவரி 22 முதல் அப்படி இல்லை. செலவாகாமல் நிற்கும் பணம் எந்தத் திட்டத்துக்கும் உரியதில்லை என்றால், நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் ஒன்றுக்குப் போய்விட வேண்டும். நடந்துகொண்டிருக்கும் பல்லாண்டுத் திட்டத்துக்கு உரியது என்றால், ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். தவறினால் மாற்றியிருக்க வேண்டிய தொகையைப் போல் இரண்டு மடங்கு, அல்லது 1 கோடி, இரண்டில் எது குறைவோ அது அபராதம்.

ஆக, பிப்ரவரி கடைசியில் மிச்சம் 8 லட்சம் இருக்கிறது என்று தெரிந்த நிதிப் பிரிவு என்ன செய்யும்? மார்ச் 31-க்குள் பில் வரக்கூடிய பொருளைத் தேடும். குடிநீர் எந்திரம், ஸ்மார்ட் போர்டு, பெஞ்சு, பள்ளிப் பை, ஸ்கேன் எந்திரம். இவற்றுக்கு விலைப்புள்ளி வாங்கலாம், படம் எடுக்கலாம், பெயர்ப் பலகை மாட்டலாம். கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே போனது என்று நிதித் தலைமை அலுவலர் சான்றளிக்க வேண்டும் என்பது விதி. பில்லும் படமும் இருந்தால் அவர் கையெழுத்துப் போடுவது சுலபம். மாதா மாதம் ஒரு ஆய்வக உதவியாளருக்குச் சம்பளம் என்றால் பன்னிரண்டு முறை சான்று சேகரிக்க வேண்டும். சட்டம் தடுக்காததை இந்தச் சோம்பல் தடுக்கிறது.

சட்டம் உண்மையில் இடம் கொடுக்கிறது. நிர்வாகச் செலவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு கம்பெனியின் பொதுவான சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குத்தான். ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் செலவு அதில் சேராது, அது திட்டச் செலவு. பயிற்றுநர் சம்பளம், ரசாயனம், பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் அதற்குள் வைக்கலாம். பல்லாண்டுத் திட்டம் என்று முதலிலேயே எழுதிவிட்டால், தொடங்கிய ஆண்டும் அதற்குப் பிறகு மூன்றும் சேர்த்து நான்கு நிதியாண்டுகள் ஓடலாம். வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்றால் காரணம் அடுப்பு அல்ல, தினமும் வந்து சேரும் அரிசி. சி.எஸ்.ஆர். கோப்புகளில் அரிசிக்குப் பத்தி இருக்கிறது, நிரப்பிக் கேட்பவர்தான் இல்லை.

கேட்கும் காலம் ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி. அடுத்த நிதியாண்டுக்கான வருடாந்தரச் செயல்திட்டத்தை சி.எஸ்.ஆர். குழு தயாரிக்கும் நேரம் அது. நடுவில் திட்டத்தை மாற்றவும் இயக்குநர் குழுவால் முடியும், காரணம் பதிய வேண்டும். ஆனால் மாற்றச் சொல்லிக் கேட்பதும், பட்டியலில் முதலிலேயே இருப்பதும் ஒன்றல்ல. பொறுப்புத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனிக் குழுவே வேண்டாம், இயக்குநர் குழு நேராக முடிவெடுக்கும். நடுத்தரக் கம்பெனிகளை அணுகுவது இதனாலேயே சில நேரம் சுலபம்.

பணத்தைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் போடச் சொன்னால் கம்பெனி தயங்கும். தன் சார்பில் திட்டத்தை நடத்தும் அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. கம்பெனியே நேரடியாக வாங்கிக் கொடுப்பது ஒரு வழி. அரசுப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ இணையதளம் இன்னொரு வழி.

வேதியியல் ஆய்வகத்தின் உண்மையான செலவு

பிளஸ் டூ அறிவியல் பாடத்தில் 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. அந்த 20-க்காகவாவது ஆய்வகம் திறக்கப்படுகிறது. எத்தனை முறை என்பதுதான் கேள்வி.

50 பேர் கொண்ட வகுப்பை இரண்டாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 25 பேர். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட ஆளுக்கு 50 மி.லி. பியூரெட் ஒன்று, அளந்து எடுக்க 20 மி.லி. பிப்பெட் ஒன்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் இரண்டு பகுதிக்கும் மும்மூன்று அளவீடு, கழுவுவதையும் சேர்த்து ஒரு மாணவர் சுமார் 150 மி.லி. கரைசல் செலவழிப்பார். 50 பேருக்கு 7.5 லிட்டர். 0.1 நார்மல் கரைசலுக்கு லிட்டருக்கு 3.16 கிராம், ஆக ஒரு முறைக்கு 24 கிராம். வருடத்தில் பத்து முறை பயிற்சி கொடுத்தாலும் 500 கிராம் பாட்டிலில் பாதிதான் தீரும். ரசாயனம் வாங்கப் பணமில்லை என்ற பேச்சு பெரும்பாலும் சரியில்லை.

தீர்வது கண்ணாடி. பியூரெட்டின் அடித் திருகுதான் முதலில் போகும். கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றி அப்படியே வைத்துவிட்டுப் போனால், காரம் கண்ணாடியை அரித்து திருகு இறுகிவிடும். பிறகு பலமாகத் திருகும் மாணவர் கையில் அது உடைந்து வரும். டெஃப்ளான் திருகு உள்ளதைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பாதி தீரும். விலைப்புள்ளியில் ‘பியூரெட் 50 மி.லி.’ என்று மட்டும் எழுதினால் மலிவானது வரும், குறை சொல்ல முடியாது.

கடலோரப் பள்ளிகளுக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு, வெளியூர் நன்கொடையாளருக்கு அது தோன்றவே தோன்றாது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் பக்கம் போர்த் தண்ணீர் உப்புக்கரிக்கும் இடங்கள் உண்டு. காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டது என்று அந்தத் தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சில்வர் நைட்ரேட் விட்டால், என்ன உப்பைக் கொடுத்திருந்தாலும் வெள்ளை வீழ்படிவு வரும். வகுப்பு முழுக்க ‘குளோரைடு’ என்று எழுதும், சரியாகச் செய்த மாணவருக்கும் விடை தப்பும். காய்ச்சி வடிக்கும் கருவி கேட்கலாம். மணிக்கு 4 லிட்டர் தரும் கருவிக்குச் சுமார் 3 கிலோவாட் ஹீட்டர் இருக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சுவிட்சு கருகும். குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கேன் தண்ணீரை மாதக் கணக்கில் வாங்குவது பல பள்ளிகளுக்கு மலிவு, அதைத் திட்டச் செலவில் எழுதிவிட்டால் போதும்.

உப்புக் காற்று இரும்புத் தாங்கியைத் தின்னும், நுண்ணோக்கி லென்சில் பூஞ்சை படியும். நுண்ணோக்கியோடு சிலிக்கா ஜெல் பொட்டலமும் கேளுங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உதவும். நீல நிற ஜெல்லில் நச்சான கோபால்ட் குளோரைடு இருப்பதால் பள்ளிக்கு ஆரஞ்சு நிறமே நல்லது. மே விடுமுறைக்கு முன் மல்டிமீட்டரில் இருந்து பேட்டரியைக் கழற்றாவிட்டால் ஜூனில் திறக்கும்போது உள்ளே பச்சை பூத்திருக்கும்.

இன்றைய மோகம் ரோபோட்டிக்ஸ் பெட்டியும் முப்பரிமாண அச்சு எந்திரமும். கெட்டதல்ல. ஆனால் அச்சுக்கான பிளாஸ்டிக் இழை ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் காற்றில் திறந்தபடி சில வாரம் கிடந்தால், அச்சிடும்போது பொரிவது போல் சடசடவென்று சத்தம் வரும், 0.4 மி.மீ. முனை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இல்லையென்றால் எந்திரம் அன்றோடு அலமாரிக்குப் போகும். 6 முதல் 8-ஆம் வகுப்புக்கு அரசின் வானவில் மன்றம் வழியாக எளிய பொருட்களில் சோதனை செய்து காட்டுவது ஏற்கெனவே நடக்கிறது. அதற்குத் துணையாக நூல், காந்தம், லென்ஸ், லிட்மஸ் தாள் வாங்கிக் கொடுக்க முன்வரும் கம்பெனியைத் தேடுவது கடினம், படத்தில் எடுப்பாகத் தெரியாது.

வாங்கியதும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான சொத்து கம்பெனி பெயரில் இருக்க முடியாது. அரசுப் பள்ளி பொது அமைப்பு என்பதால் பெற்றுக்கொள்ளலாம். பதிவேட்டில் இல்லாத பொருளைப் பழுது பார்க்க எந்த அரசுப் பணமும் வராது, உடைந்தால் கழிக்கவும் முடியாது.

முகாமுக்குப் பிறகு

மருத்துவத்தில் கம்பெனிகள் விரும்பிச் செய்வது முகாம். ஞாயிற்றுக்கிழமை, சாமியானா, 300 பேர். இதில் கண் முகாமும் சர்க்கரை முகாமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் விளைவில் வெகுதூரம். புதுச்சேரி தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலேயே, அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இருக்கிறது. அவர்கள் முறையில் கண்புரை என்று கண்டவரை முகாமில் இருந்தே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், அறுவை செய்து, சாப்பாடு தங்குமிடம் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். முகாமுக்கும் அறுவை மேசைக்கும் நடுவில் இடைவெளி இல்லை.

சர்க்கரை முகாமில் இடைவெளிதான் எல்லாம். 140/90-க்கு மேல் ஒரு முறை காட்டினால் அது ரத்தக் கொதிப்பு என்று முடிவல்ல, வேறொரு நாளும் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரம் பாராமல் எடுக்கும் தற்செயல் சர்க்கரை 200-க்கு மேல் என்றால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து ‘ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்பார்கள். திட்டக்குடி பக்கத்தில் கூலி வேலை செய்பவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜிப்மருக்குப் போவாரா? முகாம் பட்டியலைப் பெயர், தெரு, அளவீடு என்று அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ களப்பணியாளர் மறுவாரம் வீட்டில் போய் மறுபடி அளக்கும்படி ஏற்பாடு செய்தால் அந்த 300 பேருக்கு அர்த்தம் உண்டு. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய அந்தத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. கம்பெனி செய்ய வேண்டியது குளுக்கோமீட்டர் கொடுப்பதல்ல, ஸ்ட்ரிப் தீராமல் பார்த்துக்கொள்வது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தால் சில மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும், மூடி சரியாக மூடாமல் ஈரம் ஏறினால் அளவு தப்பும்.

டயாலிசிஸ் எந்திரம் கொடுக்க முன்வரும் கம்பெனிகளிடம் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். ஐந்து எந்திரம், நாளுக்கு மூன்று ஷிஃப்ட் என்றால் 1,800 லிட்டர். ஆர்.ஓ. நிலையம் உள்ளே போகும் நீரில் பாதியைக் கழிவாகத் தள்ளினால் 3,600, கழுவுவதற்கும் சேர்த்து நாளுக்கு 4,000 லிட்டர் மூலநீர். கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறஏறக் கழிவு கூடும், மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வு சீக்கிரம் அடைக்கும். நாம் வாரத்தில் குடிப்பது ஏறக்குறைய 14 லிட்டர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவரின் ரத்தம் டயாலிசிஸ் எந்திரத்தின் மெல்லிய சவ்வுக்கு அந்தப் புறம் 360 லிட்டரைச் சந்திக்கிறது. கார்பன் வடிகட்டி தீர்ந்துபோய்க் குளோரின் கடந்து வந்தால் சிவப்பணுக்கள் உடையும். மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் சோதிக்க வேண்டும். சோதனைத் தாள், கார்பன், மெம்பரேன், டெக்னீஷியன் என்ற இந்த நான்கும் நன்கொடைக் கடிதத்தில் இல்லையென்றால் எந்திரம் வேண்டாம் என்று சொல்வதே நல்லது.

ஸ்கேன் எந்திரத்தில் வேறு சிக்கல். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் எந்திரத்தை விற்கவோ கொடுக்கவோ கூடாது, இலவசம் என்பதால் விலக்கு இல்லை. எக்ஸ்ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். மார்ச்சில் வந்து இறங்கிய பெட்டி, அனுமதி வராமல் உத்தரவாத காலம் முழுக்கப் பெட்டியிலேயே கழிவது இப்படித்தான். ‘உத்தரவாதம் பொருத்தி இயக்கிய நாளில் இருந்து’ என்று கொள்முதல் ஆணையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கருவி வந்ததும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பராமரிப்புப் பட்டியலில் ஏற்றுவதற்கான கடிதத்தையும் கையோடு போட்டுவிட வேண்டும்.

எது சி.எஸ்.ஆர். ஆகாது?

சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. வேறு சட்டத்தின்படி செய்தே ஆக வேண்டிய வேலையை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. கழிவுநீர் சுத்திகரிப்பு, புகைபோக்கிக் கட்டுப்பாடு, தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான மருத்துவப் பரிசோதனை எல்லாம் ஆலையின் கடமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ பசுமைத் தீர்ப்பாயமோ உத்தரவிட்டுக் கொடுக்கும் குடிநீரும் அப்படியே. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும், விளம்பரத்துக்கான ஸ்பான்சரும்கூடச் சேராது. கிராம சபையில் ஆலைக்காரர் வாசிக்கும் பட்டியலில் இவை கலந்து வந்தால் பிரித்துக் கேட்கலாம். சி.எஸ்.ஆர். பட்டியல் கம்பெனியின் ஆண்டறிக்கையில் வெளியாகும், இணையதளம் இருந்தால் அதிலும் போட வேண்டும்.

அறிவியல் கல்வி என்ற சொல்லுக்கு இந்த ஊர்களில் வேறொரு வரலாறும் இருக்கிறது. 2004-ல் சிப்காட் ஏரியா கம்யூனிட்டி என்விரான்மென்டல் மானிட்டர்ஸ் என்ற ஊர்மக்கள் குழு, பிளாஸ்டிக் வாளிக்குள் காற்று மாதிரி பிடிக்கும் டெட்லார் பையை வைத்து, நாற்றம் வரும் நேரத்தில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. தேதி, நேரம், காற்றின் திசை, என்ன வாடை என்று எழுதிவைக்கும் பழக்கம் அதோடு வந்தது. எந்த ரோபோட்டிக்ஸ் பெட்டியும் சொல்லிக் கொடுக்காத அறிவியல் அது.

பள்ளி அளவில் இதைத் தண்ணீரில் தொடங்கலாம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதி. பி.ஹெச். 6.5-இல் இருந்து 8.5. சில நூறு ரூபாய் பேனா மீட்டரும் அதைச் சரிபார்க்கும் திட்டக் கரைசலும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை இருபது கிணறுகளை அளந்து பதிவேடு வைக்கலாம். அந்த மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். கன உலோகமோ கரைப்பான் ரசாயனமோ தெரியாது, குறைந்த எண் வந்தாலே நல்ல தண்ணீர் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை நாலைந்து மாதிரிகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் கட்டணத்தையும் திட்டத்தில் எழுத வேண்டும். இந்தக் கோரிக்கையைப் பக்கத்து ரசாயன ஆலையிடம் கொண்டுபோனால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டோடு சம்பந்தமில்லாத வங்கியிடமோ மென்பொருள் கம்பெனியிடமோ கேளுங்கள், அளவீட்டுப் பதிவேடு பள்ளியிடமே இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.